உப்புத் தண்ணி ரெண்டு பக்கெட்

அத்தியாயம் 14

போன வாரம் பெர்னதெத்தைக் கோயில் ஆபீஸில், திறந்த ஃபைலுக்கு முன்னால் நிற்கவைத்துவிட்டு வந்தோம். நாலு நாள் ஆகிவிட்டது. அந்த நாலு நாளும் அவள் யாரிடமும் சண்டை போடவில்லை. பெங்களூர் மர்பி டவுனில் அவளைத் தெரிந்தவர்கள் அதைக் கண்டே பயந்திருக்க வேண்டும்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பெர்னதெத்தின் ஒரே மகள் மரியாவுக்கும் டேரிலுக்கும் கல்யாணம் நிச்சயமாகிக் கோயிலில் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு பூசையில் பெயர்களைப் படித்து, ‘தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள்’ என்று கேட்பார்களே, அந்த ஓலைதான். முதல் ஓலை ஆயிற்று, இரண்டாம் ஓலையும் ஆயிற்று. மூன்றாவது ஞாயிறு பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக முதல் பெஞ்சில் பெர்னதெத் காத்திருந்தாள். ஃபாதர் ஞானோபதேச வகுப்பு நேரத்தை வாசித்தார். இளைஞர் மன்றக் கூட்டத்தை வாசித்தார். ஓலையை வாசிக்கவில்லை.

யாரோ எழுத்து மூலம் தடை சொல்லிவிட்டார்களாம். யாரென்று ஃபாதர் சொல்ல மறுத்தார். விசாரணை முடிவதற்குள் டேரில் வீட்டார் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார்கள். டேரிலின் அம்மா கோயில் வாசலில் நின்று, “உங்க பொண்ணு பேர்ல என்னமோ இருக்கு, இல்லாமலா?” என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டாள். அந்தக் கேள்வி ஆறு மாதமாகப் பெர்னதெத்தின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

போன வியாழக்கிழமை வேறு ஏதோ சான்றிதழுக்காகப் போனவளுக்கு, ஃபாதருக்கு உதவியாளரான உபதேசியார் தவறுதலாக அந்த ஃபைலைத் திறந்து காட்டிவிட்டார். ‘இந்தத் திருமணத்திற்கு எனக்கு ஆட்சேபணை உண்டு.’ ஒரே வரிதான் படித்தாள். அதற்குள் உபதேசியார் பதறிப்போய் ஃபைலை மூடிவிட்டார். ஆனால் வலது பக்கம் சாய்ந்த, வரைபடத்துக்குக் கீழே எழுதுவது போன்ற அந்தக் கையெழுத்தை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறாள். எழுதியவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் ஓஸ்வால்ட்.

அதே வீட்டில் மாடியில் குடியிருக்கும் அண்ணன். பெர்னதெத்தின் கணவர் காலமானபோது எட்டாம் வகுப்பில் இருந்த மரியாவைத் தோளில் சாய்த்துக்கொண்ட அண்ணன். கல்யாணத்தன்று மரியாவின் கையைப் பிடித்துப் பீடம்வரை அழைத்துப்போக வேண்டிய மனிதர். அவரே குழி பறித்துவிட்டு, ஆறு மாதமாகத் தினமும் அவள் போடும் காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிறார்!

அவர் அழ வேண்டும். பெர்னதெத்துக்கு இப்போது வேறு ஆசை எதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கே மாடியிலிருந்து குரல் வந்தது.

“பெர்னி! கொஞ்சம் மேல வாம்மா!”

ஓஸ்வால்டுக்கு இன்று கண் ஆபரேஷன். புரை எடுத்துவிட்டு மதியமே அனுப்பிவிடுவார்கள். பக்கத்து வீட்டு டெரிக் காரில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. மனிதர் வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். ஆனால் முழங்கை வரை ஈரம். ஹாலில் நின்ற நாலடிக் கண்ணாடித் தொட்டியிலிருந்து ஒரு டியூப் தொங்கியது. கீழே இரண்டு பக்கெட் பழைய தண்ணீர்.

அந்தத் தொட்டிக்குள்தான் அவருடைய சொந்த பந்தம் எல்லாம் இருந்தது. இரண்டு லயன் ஃபிஷ். கடல் மீன். உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு, இரண்டு பக்கமும் விசிறி மாதிரி விரிந்த செட்டை, முதுகில் வரிசையாக விஷ முள். பெரியதைப் ‘பெருசு’ என்பார், சின்னதைச் ‘சின்னது’ என்பார். கல்யாணமே செய்துகொள்ளாத மனிதருக்குப் பெயர் வைத்துப் பழக்கமில்லை. மற்றபடி கவனிப்பில் குறை வைத்ததில்லை. அல்சூர் மார்க்கெட்டில் பொடி இறாலாகப் பொறுக்கி வாங்கி, நீளக் குறட்டில் பிடித்து ஒவ்வொன்றாக ஊட்டுவார். துணைக்கு இருக்கட்டும் என்று ஒருமுறை நாலு நீல மீன் வாங்கிவிட்டார். மறுநாள் காலை நாலும் பெருசின் வயிற்றில் இருந்தன. “என் தப்பு. அது சாப்பாடுன்னு நெனச்சிடுச்சு,” என்று மீனுக்காக வாதாடினார்.

“நான் வந்ததுக்கப்புறம் ஒரு வாரம் குனியக்கூடாதாம். தண்ணில கை வைக்கக்கூடாதாம். நீதான் பாத்துக்கணும்,” என்றார்.

“பாத்துக்கறேன்.”

“முள்ளு பக்கம் மட்டும் கையைக் கொண்டு போவாத. கொட்டுச்சுன்னா கை தாங்குற அளவு சுடுதண்ணில வைக்கணும். மரியாவுக்குத் தெரியும்.”

கீழே டெரிக்கின் ஹாரன் இரண்டு தரம் அடித்தது. ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஓஸ்வால்ட் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் நினைவு வந்து திரும்பிக் கத்தினார்.

“பழைய தண்ணி எடுத்துட்டேன், புதுசு ஊத்தல. உப்புத் தண்ணி ரெண்டு பக்கெட் ஊத்திடு பெர்னி! மறந்துடாத!”

கார் போய்விட்டது.

பெர்னதெத் தொட்டிக்கு முன்னால் அப்படியே நின்றாள். உப்புத் தண்ணி ரெண்டு பக்கெட். பெங்களூரில் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காவேரி வந்தால் நல்ல தண்ணி, போர்வெல் வந்தால் உப்புத் தண்ணி. காம்பவுண்டில் இரண்டு குழாயும் அடுத்தடுத்து இருக்கின்றன. பாத்திரம் கழுவ உப்புத் தண்ணி, பருப்பு வேகவைக்க நல்ல தண்ணி. பிறந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அதுதான் பேச்சு.

ஓஸ்வால்ட் சொன்ன உப்புத் தண்ணி வேறு. அது பால்கனி மூலையில் நீல டிரம்மில் மூடி போட்டு இருந்தது. வடிகட்டிய தண்ணீரில் பாக்கெட் கடலுப்பை அளந்து கலக்கி, இரவெல்லாம் மோட்டார் ஓடவிட்டு, கண்ணாடிக் கருவியில் உப்பு அளவு பார்த்துத் தயாரித்தது. பெர்னதெத்துக்கு அது நன்றாகவே தெரியும். பதினொரு வருஷமாகப் பார்க்கிறாள்.

தெரியும் என்பது யாருக்குத் தெரியும்?

‘நீங்கதானே அண்ணா உப்புத் தண்ணின்னு சொன்னீங்க? நான் குழாய்ல பிடிச்சு ஊத்தினேன்.’ மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. கோயிலில் எவனோ தடை சொன்னான், யாரென்று தெரியாது. இங்கேயும் மீன் செத்துப்போச்சு, ஏனென்று தெரியாது. சரிக்குச் சரி.

பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

போர்வெல் குழாயடியில் பின் போர்ஷன் லட்சுமம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“காவேரி பந்தில்வா டீச்சர்?” காவேரி வரவில்லையா என்று பெர்னதெத்தைக் கேட்டாள்.

“வந்துச்சு. இது வேற வேலைக்கு.”

“மூஞ்சிக்கு மட்டும் ஊத்திக்காதீங்க. நேத்து சம்ப்ல ப்ளீச்சிங் பவுடர் ஜாஸ்தி கொட்டிட்டான். கண்ணெல்லாம் உரி உரின்னு எரியுது நனக்கு.”

பெர்னதெத் குனிந்து முகர்ந்தாள். ஆமாம், நெடி தூக்கியது. அவளுக்கு அது வாசனையாகவே இருந்தது. எரியட்டும்.

முதல் பக்கெட்டை ஊற்றினாள். இரண்டாவதையும் ஊற்றினாள். பெருசு ஒரு செட்டையை லேசாகச் சிலுப்பிவிட்டு, மறுபடி அசையாமல் நின்றது. கொம்பு மாதிரி நீட்டிய புருவத்துக்குக் கீழிருந்து அவளையே பார்த்தது. ‘இவ்வளவுதானா?’ என்று கேட்பது போல அவளுக்குப் பட்டது. மீனுக்கு அப்படி எதுவும் தோன்றியிருக்காது. ஆனால் கோபத்தில் இருக்கிறவர்களுக்கு நாற்காலி கூட நக்கல் பண்ணும்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் பழி அண்ணன் வாயோடு போயிருக்கும். இரண்டு பக்கெட்டுக்குக் காரணம் சொல்லலாம்.

பெர்னதெத் டியூப்பை எடுத்து மறுபடி தொட்டிக்குள் விட்டாள்.

நாலு பக்கெட் கடல் தண்ணீரை வெளியேற்றிச் சாக்கடையில் கொட்டினாள். நாலு பக்கெட் போர்வெல் தண்ணீரை மாடிக்குச் சுமந்தாள். ஐம்பத்து மூன்று வயது முழங்கால் ஒவ்வொரு படியிலும் கெஞ்சியது. அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு பக்கெட்டுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். இது டேரிலின் அம்மா கேட்ட கேள்விக்கு. இது அச்சடித்துக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பத்திரிகைக்கு. இது மரியா சிரிக்க மறந்ததற்கு. கடைசி பக்கெட் எனக்கே எனக்கு என்று சொல்லிக்கொண்டு கவிழ்த்தாள்.

ஹால் முழுக்க ப்ளீச்சிங் நெடி. பெர்னதெத் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்வதானால், ஆறு மாதத்தில் அவள் சந்தோஷமாக இருந்தது அந்தக் காலைப்பொழுது மட்டும்தான்.

மதியம் நெருங்கும்போது சின்னது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பெருசு தன் விசிறிகளை மடக்கிக்கொண்டு மூலைக்குப் போயிற்று. செவுள் படபடவென்று அடித்தது.

“மம்மி, இங்கயா இருக்கீங்க?”

மரியா. மாமா வருவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நெடியை மூக்கு பிடித்ததும் முகம் மாறியது.

“என்ன தண்ணி ஊத்தினீங்க?”

“உங்க மாமா சொன்னதைத்தான். உப்புத் தண்ணி ஊத்துன்னாரு, ஊத்தினேன்.”

மரியா பால்கனியில் இருந்த நீல டிரம்மைப் பார்த்தாள். மூடி போட்டபடி இருந்தது. ஈரமான தரையைப் பார்த்தாள். படியெல்லாம் சிந்தியிருந்த தண்ணீரைப் பார்த்தாள். கடைசியில் அம்மாவைப் பார்த்தாள்.

“ரெண்டு பக்கெட் ஊத்தினா படி இவ்ளோ நனையாது மம்மி.”

மரியா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாத்ரூமிலிருந்து பெரிய டப்பைத் தூக்கி வந்து டிரம் தண்ணீரைச் சாய்த்து நிரப்பினாள். காற்றுக் குழாயைப் பிடுங்கி அதில் போட்டாள். பிளாஸ்டிக் ஜாடியைத் தொட்டிக்குள் இறக்கிப் பெருசை மெல்ல ஒதுக்கி அள்ளினாள். அது டப்பில் போய் விழுந்தது.

“விடு மரியா! கையை உள்ள விடாத!”

“செத்துடும் மம்மி!”

சின்னது பயத்தில் ஜாடிக்குள் நுழைந்த வேகத்தில் திரும்பியது. மரியா ஜாடியை விடவில்லை. சின்னதையும் டப்பில் கவிழ்த்த பிறகுதான் அலறினாள். வலது ஆள்காட்டி விரலில் இரண்டு துளி ரத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் வீங்கியது.

“ஐயோ! ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா!”

“முதல்ல சுடுதண்ணி மம்மி… அப்புறம் டாக்டர். சீக்கிரம்!”

பெர்னதெத் கீஸர் போட ஓடினாள். காலையில் ஆறு பக்கெட் சுமந்து தளர்ந்த கால்கள் இப்போது எப்படி ஓடின என்று கேட்காதீர்கள். பேசினில் சுடுதண்ணீர் பிடித்துத் தன் கையை முதலில் விட்டுச் சூடு பார்த்தாள். பிறகு மகளின் கையை அதில் இறக்கினாள். மரியாவின் பற்கள் கிடுகிடுவென்று அடித்தன. வலி தோள்பட்டை வரை ஏறுகிறது என்றாள். பெர்னதெத் டெரிக்குக்குப் போன் போட்டாள். ஆபரேஷன் முடிந்துவிட்டது, அல்சூர் தாண்டி வந்துகொண்டிருக்கிறோம் என்றான்.

“காரை ஆஃப் பண்ணாத டெரிக். மரியாவைக் கூட்டிட்டுப் போகணும்.”

போனை வைத்ததும் நாலு நாளாக அடக்கி வைத்த கோபம் வெடித்தது.

“பாவி மனுஷன்! வீட்டுக்குள்ள விஷத்தை வச்சு வளர்க்கிறான். உன் வாழ்க்கையையும் கெடுத்தான், உன் கையையும் கெடுத்தான்!”

“மாமாவைத் திட்டாதீங்க மம்மி.”

“ஏன் திட்டக்கூடாது? உன் ஓலையை நிறுத்தினதே அவருதாண்டி! லெட்டரை என் கண்ணால பாத்தேன்.”

மரியா அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“எவ்வளவு படிச்சீங்க?”

“ஒரு வரி. அது போதாதா?”

“ரெண்டாவது வரியைப் படிச்சிருக்கணும். ‘பெண்ணுக்குச் சம்மதமில்லை, வீட்டில் சொல்லப் பயப்படுகிறாள்.’ நான்தான் எழுதச் சொன்னேன். மாமா மாட்டேன்னாரு. உங்கம்மாகிட்ட நானே பேசறேன்னாரு. நான்தான் வேணாம், சத்தியம் பண்ணுங்கன்னு அழுதேன். எங்கயும் என் பேர் வரக்கூடாதுன்னேன்.”

பேசினில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. பெர்னதெத் கீஸர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். கை தன்பாட்டில் வேலை செய்தது.

“எங்கிட்ட சொல்றதுக்கு என்னடி? நான் என்ன உன்னைக் கொன்னுடுவேனா?”

“சொன்னேன் மம்மி.”

“எப்போ சொன்னே?”

“டெய்லர் கடையில.”

பெர்னதெத்துக்கு முதலில் பிடிபடவில்லை. அப்புறம் பிடிபட்டது. கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்தில் அந்தக் கடை. கல்யாண பிளவுஸுக்கு அளவு கொடுக்கப் போன நாள். திரைக்குப் பின்னால் மரியா தன் சுடிதார்க் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். மேல்கையில் நாலு விரல் தடம், கன்றிப்போய். ‘டேரில் கார்ல வச்சுப் பிடிச்சான் மம்மி. லேப்ல ஒருத்தரோட சிரிச்சுப் பேசினேனாம்.’ சொல்லும்போது மெல்லச் சிரித்தாள்கூட. அம்மா என்ன சொல்கிறாள் பார்க்கலாம் என்கிற சிரிப்பு.

அம்மா அந்தத் தடத்தைப் பார்த்தாள். திரையை விலக்கி வெளியே எட்டிப் பார்த்தாள். டெய்லரிடம் சொன்னாள்.

“மாஸ்டர், கையை ரெண்டு இஞ்ச் இறக்கித் தைச்சுடுங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். அதன்பிறகு பூ விஷயம் பேசினார்கள்.

“அன்னிக்கு சாயந்தரம்தான் மாமாகிட்ட போனேன்,” என்றாள் மரியா. குரலில் கோபம் இல்லை. வலியில் மூச்சு வாங்கியது. “அவர் தடத்தைப் பாத்துட்டு அழுதாரு மம்மி.”

அண்ணன் அழ வேண்டும் என்று நாலு நாளாகத் தவம் கிடந்தவள், அவர் ஆறு மாதத்துக்கு முன்பே அழுதுவிட்டார் என்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழி வாங்க இத்தனை நாள் ஆள் தேடினாளே, அந்த ஆள் தன் புடவையைத்தான் கட்டியிருக்கிறாள் என்று தெரிந்தபோது, அவளுக்கு எங்கே கையை வைப்பதென்று தெரியவில்லை. மகளின் தலையில் வைக்கப் போனாள். தைரியம் வரவில்லை.

கீழே கார் வந்து நின்றது.

“நான் இங்க பெருசைப் பாத்துட்டே இருக்கேன். நீங்க மாமாவைக் கூட்டிட்டு வாங்க, அப்புறம் போலாம்,” என்றாள் மரியா.

ஓஸ்வால்ட் ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடியும் அதன்மேல் கறுப்புக் கண்ணாடியுமாக டெரிக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இன்னொரு கண்ணிலும் புரைதான். அதற்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். கலங்கலாகத் தெரிந்த உருவத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“பெர்னியா? என் ஆளுங்க எப்படி இருக்காங்க?”

“அண்ணா… முதல்ல கீழயே உட்காருங்க. ஒண்ணு சொல்லணும்.”

அவள் குரலைக் கேட்டதும் அவர் சிரிப்பு போய்விட்டது. டெரிக் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

“மரியா சொல்லிட்டாளா?”

பெர்னதெத்தால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவள் விசும்பியது கேட்டிருக்கும்.

“அவளை ஒண்ணும் சொல்லாத பெர்னி. சின்னப் பொண்ணு, பயந்துடுச்சு. யாரையாவது திட்டணும்னா என்னைத் திட்டு. என்னிக்காவது தெரியும், நீ வந்து நல்லா நாலு கேப்பேன்னுதான் ஆறு மாசமா உட்கார்ந்திருக்கேன்.”

“அண்ணா, நான்…”

மாடியிலிருந்து மரியாவின் அலறல் வந்தது.

“மம்மி! பெருசு சாஞ்சிடுச்சு! மம்மி!”

ஓஸ்வால்ட் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“என்ன சாஞ்சிடுச்சு? பெர்னி, என்ன ஆச்சு?”

அவள் வாய் திறப்பதற்குள் அவர் படியைக் காலால் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். ஈரப் படி. மேலே ஏற்றிவிடச் சொல்லித் தங்கையிடம் கையை நீட்டினார்.